சூடுதான் என்றால் எத்தனை டிகிரி?

கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவே திடீரென்று அணைந்துபோனால் நம்மூரில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் போடணும்." மற்றொன்று, "ஹீட் ஆகுது சார், கழற்றி கிளீன் பண்ணணும்." கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் இரண்டாவது தீர்ப்புக்கு மவுசு கூடிவிடும். இரண்டும் தவறு என்று சொல்ல வரவில்லை. சில சமயம் முதலாவது சரி, சில சமயம் இரண்டாவது சரி. எதனால் சரி என்று கேட்டால் பதில் இருக்காது என்பதுதான் சிக்கல். இத்தனைக்கும் கம்ப்யூட்டரில் வரக்கூடிய கோளாறுகளில் சூட்டைப் போல எளிதில் நிரூபிக்கக்கூடியது, எளிதில் மறுக்கவும் கூடியது வேறு எதுவும் இல்லை. புராசஸர் தன் வெப்பத்தைத் தானே அளந்து, கேட்டால் சொல்லக்கூடிய பொருள். அதைக் கேட்காமலேயே நோயின் பெயரை எழுதி, வைத்தியத்தையும் தொடங்கி, பில்லையும் போட்டுவிடுகிறோம். டிகிரிக் கணக்கு இல்லாமல் "சூடு" என்று சொல்லப்படும் முடிவை ஏற்கக்கூடாது, அளக்காமல் "சூடு இல்லை" என்று சொல்வதையும் ஏற்கக்கூடாது என்பது என் கட்சி.

புராசஸர் சூட்டில் எரிந்துபோகும் என்ற பயம் ஒரு காலத்தில் நியாயமாகவே இருந்தது. 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணைய இதழ் ஒரு சோதனையைப் படம்பிடித்து வெளியிட்டது. க்வேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே புராசஸர் மேலிருந்த ஹீட்சிங்க்கைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஏஎம்டியின் அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. இன்டெலின் பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஆனால் கெடவில்லை. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தத்தித் தத்தி ஓடியது. ஹீட்சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு, அதே விளையாட்டு, மூன்று வகையான முடிவுகள். அன்றைக்குப் பென்டியம் 4 செய்ததைத்தான் இன்று ஏறக்குறைய எல்லாப் புராசஸர்களும் செய்கின்றன. ஆனால் நம் பேச்சு இன்னும் அத்லான் காலத்திலேயே நிற்கிறது.

இன்றைய புராசஸருக்குள் பல வெப்ப உணரிகள் உண்டு. தயாரிப்பாளர் ஓர் உச்சவரம்பை வைத்திருப்பார். பல இன்டெல் புராசஸர்களுக்கு அது 100 டிகிரி செல்சியஸ். அந்த வரம்பைத் தொட்டதும் புராசஸர் தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானாகவே இறக்கிக்கொள்கிறது. சூடு தணிந்தால் ஏறும், மீண்டும் தொட்டால் இறங்கும். இப்படி இறக்கியும் அடங்காமல் வெப்பம் மேலே போய், இன்னும் உயரத்தில் உள்ள இரண்டாவது வரம்பை எட்டினால்தான் மின்சாரத்தையே துண்டிக்கச் சொல்லும் சமிக்ஞை புறப்படும். அதற்கு விண்டோஸின் அனுமதி தேவையில்லை, எச்சரிக்கைப் பெட்டியும் திரையில் வராது. விளக்கை அணைத்தது போல எல்லாம் நின்றுவிடும். ஆக, சூட்டின் முதல் அறிகுறி க்ராஷ் ஆவது அல்ல, மந்தம். வழக்கமாக நான்கு நிமிடத்தில் முடியும் வேலை பத்து நிமிடம் இழுக்கிறது, மின்விசிறி கத்துகிறது, வீடியோ திக்கித் திணறுகிறது. மந்தமே இல்லாமல் ஒரு நாள் திடீரென்று அணைந்தால், ஒன்று குளிரூட்டும் அமைப்பில் ஏதோ அடியோடு பெயர்ந்திருக்க வேண்டும், அல்லது காரணம் சூடே அல்ல. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதி வீண்செலவு மிச்சமாகும்.

அளப்பது என்றால் ஒரே ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு நகர்வது அல்ல. பயாஸ் திரைக்குப் போய் "58 டிகிரிதான் காட்டுது, ஹீட் பிரச்சினை இல்லை" என்பவர்கள் உண்டு. பயாஸ் திரையில் புராசஸர் கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது; கோளாறு வருவதோ அது மூச்சுமுட்ட உழைக்கும்போது. ஹெச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை ஓடவிட்டு, வெப்பத்தையும் வேகத்தையும் நொடிக்கு நொடி பதிவு செய்யச் சொல்லிவிட்டு, புராசஸருக்கு முழு வேலை கொடுக்க வேண்டும். வெப்பம் எங்கே போய் நின்றது என்பதைவிட எப்படி ஏறியது என்பது அதிகம் சொல்லும். வேலை தொடங்கிய சில நொடிகளிலேயே 45-லிருந்து 95-க்குத் தாவினால், புராசஸரின் சூடு ஹீட்சிங்க்குக்குப் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். இடையில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொரிந்திருக்கலாம். டெஸ்க்டாப்பில் ஹீட்சிங்க்கை மதர்போர்டில் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று விட்டிருக்கலாம். இன்டெல் பெட்டியோடு தரும் கூலரில் இது அடிக்கடி நடப்பது. புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டர் என்றால், கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்காமலேயே மாட்டியிருக்கவும் கூடும். மாறாக, வெப்பம் பத்துப் பதினைந்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி வரம்பைத் தொட்டால், சூடு ஹீட்சிங்க் வரை ஒழுங்காக வருகிறது, அங்கிருந்து வெளியேறத்தான் வழியில்லை. தூசி, மின்விசிறி, காற்றோட்டம் ஆகிய மூன்றும் அப்போது சந்தேகத்துக்கு உரியவை. முதல் வகைக் கோளாறுக்கு எத்தனை முறை தூசி தட்டினாலும் பயனில்லை. இரண்டாம் வகைக்கு எவ்வளவு விலையுயர்ந்த பேஸ்ட் தடவினாலும் பயனில்லை. இரண்டையும் "ஹீட் பிராப்ளம்" என்று ஒரே பெயரால் அழைப்பதால்தான் ஒரே லேப்டாப் ஒரே குறைக்காக மூன்று முறை கடை ஏறுகிறது.

எந்தக் கருவியும் இல்லாத வீட்டில்கூடக் கையே ஓரளவு சொல்லிவிடும். லேப்டாப்பின் காற்றுத் துவாரத்தருகே கையை வையுங்கள். மின்விசிறி இரைந்து சுற்றுகிறது, ஆனால் காற்று வருவதே தெரியவில்லை என்றால், மின்விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். அது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. காற்று பலமாக வருகிறது, நல்ல சூடாகவும் வருகிறது என்றால் அமைப்பு தன் வேலையைச் செய்கிறது. கொடுக்கப்படும் வேலைதான் அதிகம். காற்று பலமாக வருகிறது, ஆனால் குளிர்ச்சியாக இருக்கிறது, புராசஸரோ கொதிக்கிறது என்றால், சூடு தகடுகளுக்கு வந்து சேரவில்லை. பேஸ்ட் அல்லது ஹீட்பைப் பழுது. இந்த மூன்று நிலைகளையும் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் ஃபார்மட்டுக்கு இரண்டு மணி நேரம் செலவிடுவதைத் தொழில்திறமை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"ஃபார்மட் போட்ட பிறகு சரியாகத்தானே ஆச்சு?" என்பது வழக்கமான பதில். ஆகலாம். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து நிரல்களும், இரண்டு ஆன்ட்டிவைரஸ்களும் ஃபார்மட்டோடு போய்விடுகின்றன. புராசஸரின் சுமை குறைகிறது, சூடும் குறைகிறது. ஓரிரு மாதங்களில் நிரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்ததும் பழைய கதை தொடங்கும். கடையில் வைத்துப் பார்க்கும்போது "இங்கே நல்லா ஓடுதே" என்று சொல்வதும் இதே கணக்குத்தான். ஒன்றிரண்டு நாள் அணைந்து ஆறிக்கிடந்த கம்ப்யூட்டர், ஏசி அறையில், எந்தச் சுமையும் இல்லாமல், திரையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது அணையாமல் இருப்பதில் என்ன அதிசயம்? நோய் எந்தச் சூழலில் வருகிறதோ அந்தச் சூழலை உண்டாக்காமல் நோய் இல்லை என்று சொல்வது சோதனை ஆகாது.

விண்டோஸ் தானே எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. ஈவன்ட் வியூவர் என்று தேடினால் திறக்கும். அதைத் திறந்து, கெர்னல்-பவர் 41 என்ற சிவப்புக் குறியைக் காட்டி, "பவர் பிரச்சினை" என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது. 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கம்ப்யூட்டர் முறைப்படி அணைக்கப்படவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் 41 வரும், சூட்டில் அணைந்தாலும் 41 வரும். அதே பதிவேட்டில் 86 என்ற எண் இருந்தால் அது கனமான சான்று. வெப்பம் எல்லை மீறியதால் அணைக்கப்பட்டது என்று விண்டோஸே எழுதிவைத்திருக்கிறது. 37 என்ற எண் புராசஸரின் வேகம் கட்டுப்படுத்தப்பட்டதைச் சொல்லும். ஆனால் 86 இல்லாததால் சூடு நிரபராதி ஆகிவிடாது. புராசஸரே மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும்போது விண்டோஸுக்கு எதையும் எழுத நேரம் கிடைப்பதில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. வெப்பம் வரம்பைக் கடந்து வேகம் குறைக்கப்பட்டால் அது பெரும்பாலும் கெர்னல் பதிவில் வந்துவிடும்.

இனி எதிர்ப்பக்கம். அளந்து பார்த்தோம், புராசஸர் 70 டிகிரியைத் தாண்டவில்லை, ஆனாலும் விளையாட்டின் நடுவே அணைகிறது. இப்போது சூட்டை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்ப வேண்டும். கிராபிக்ஸ் கார்டு திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது மலிவான எஸ்எம்பிஎஸ் தாங்காமல் கையை விரிக்கும். லோ வோல்டேஜ் உள்ள தெருக்களில் இன்னும் சீக்கிரம் விரிக்கும். புராசஸருக்கு மட்டும் சுமை கொடுத்து ஒரு முறை, கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் சுமை கொடுத்து ஒரு முறை பார்த்தால் சந்தேகம் தெளியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப்பெயரோடு நீலத்திரை வந்தால் ரேமைச் சந்தேகிப்பதே முறை. மலிவான மதர்போர்டில் புராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் பாகங்கள் புராசஸரைவிட முன்பே கொதித்துவிடுவதும் உண்டு. புராசஸரின் எண் மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். சில லேப்டாப்களில் டூப்ளிகேட் சார்ஜர் போட்டால் அது யாரென்று அடையாளம் தெரியாமல் மதர்போர்டு புராசஸரின் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். சூடே இல்லை, ஆனால் நடத்தை அப்படியே சூட்டின் நடத்தை. அந்த லேப்டாப்புக்குப் பேஸ்ட் மாற்றிக் காசு வாங்கினால் அது யார் குற்றம்?

அறிகுறியை வைத்துக் காரணத்தை ஊகிப்பது எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு 2024-ல் உலகம் முழுக்க ஒரு பாடம் நடந்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களை வாங்கியவர்கள், குறிப்பாக விலை உயர்ந்தவற்றை வாங்கியவர்கள், விளையாட்டுகள் திறக்கும்போதே மூடிக்கொள்வதாகப் புகார் செய்தார்கள். திரையில் வந்த செய்தி "வீடியோ நினைவகம் போதவில்லை" என்பது. அதை நம்பி கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்து அலைந்தவர்கள் உண்டு. இந்தப் புராசஸர்கள் இயல்பிலேயே சூடானவை என்பதால் கூலரைக் குற்றம் சொன்னவர்களும் உண்டு. மதர்போர்டு நிறுவனங்கள் மின்சார வரம்புகளை அவிழ்த்துவிட்டிருப்பதுதான் காரணம் என்றும் சில மாதங்கள் பேசப்பட்டது. ஜூலை 2024-ல் இன்டெல் காரணத்தை அறிவித்தது: புராசஸரின் மைக்ரோகோடு தவறாகக் கணக்கிட்டு, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதம் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. செப்டம்பரில் வந்த விளக்கம், கூடுதல் மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து உள்ளே உள்ள ஒரு சுற்றைத் தேய்த்துவிட்டதாகச் சொன்னது. ஏற்கெனவே தேய்ந்துபோன புராசஸரை எந்த மென்பொருள் திருத்தமும் மீட்காது. வெப்பத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கூலரை மாற்றியவர் எவருக்கும் தீர்வு கிடைக்கவில்லை. தேய்மானத்துக்கு முன்பே பயாஸைப் புதுப்பித்தவருக்கும், உத்தரவாதத்தில் புராசஸரையே மாற்றிக்கொண்டவருக்கும்தான் கிடைத்தது.

எண்ணைப் பார்த்தும் ஏமாறலாம் என்பது நியாயமான மறுப்பு. 95 டிகிரி என்று கண்டதும் பதறிப்போகிறவர்கள் உண்டு. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை 2022-ல் வந்தபோது, முழுச் சுமையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் அதை வடிவமைத்திருப்பதாக நிறுவனமே சொன்னது. அந்தப் புராசஸரில் 95 என்பது நோயல்ல, குணம். இதற்கு நேர்மாறான கதை ஆப்பிளுடையது. 2018 ஜூலையில் வந்த மேக்புக் ப்ரோ, விலையுயர்ந்த ஐ9 புராசஸரை வைத்துக்கொண்டு, சுமை ஏறியதும் படுமந்தமானது. எல்லோரும் மெல்லிய உடலையும் குறுகிய காற்றுவழியையும் குறை சொன்னார்கள். ஆப்பிள் சில நாட்களில், வெப்பத்தை நிர்வகிக்கும் ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுப்போனதாக ஒப்புக்கொண்டு, மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. ஆகவே எண் தேவை என்று நான் சொல்லும்போது, அந்தப் புராசஸருக்கு உரிய வரம்பு என்ன, அதன் வேகம் அப்போது எவ்வளவு இருந்தது என்ற இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். 95 டிகிரியில் முழு வேகத்தில் ஓடுகிறதா, 95 டிகிரியில் கால்வாசி வேகத்தில் ஊர்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

"நம்மூர் வெயிலுக்கு வேறென்ன காரணம் வேண்டும்?" என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது, நினைப்பதைவிடக் குறைவாகவும் இருக்கிறது. அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் புராசஸரின் வெப்பமும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். 30 டிகிரி அறையில் 78 காட்டும் கம்ப்யூட்டர், வேலூரிலோ கரூரிலோ மே மாத மதியத்து 40 டிகிரி அறையில் 88 காட்டும். அது வரம்புக்கு அருகே கொண்டுபோகிறது, வரம்பைத் தாண்டவைக்கவில்லை. கோடையில் மட்டும் அணையும் கம்ப்யூட்டர் என்றால், மார்கழியிலும் அது 90-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை என்றே பொருள். வெயில் புதிய குறையை உண்டாக்கவில்லை, இருந்த குறையை அம்பலப்படுத்துகிறது. இதைச் சொல்லும்போது தயாரிப்பாளர்களின் சாமர்த்தியத்தையும் சொல்லாமல் விட முடியாது. மேக்புக்கின் விவரக் குறிப்பில் பயன்படுத்தத் தக்க சூழல் 10 முதல் 35 டிகிரி வரை என்று இருக்கிறது. வேறு பல நிறுவனங்களின் லேப்டாப்களுக்கும் மேல்வரம்பு 35 தான். நம் ஊர்களில் ஏசி இல்லாத வீட்டறை ஏப்ரலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது. விளம்பரத்தில் இந்த எண் வருவதில்லை. கடையில் யாரும் சொல்வதில்லை. வாங்கிய பிறகு தேடினால் பொடி எழுத்தில் கிடைக்கும். இந்த வெயிலில் விற்கிற பொருளுக்கு இந்த வெயிலைத் தாங்கும் வரம்பு வேண்டாமா என்று கேட்க நுகர்வோர் அமைப்புகளுக்கு நல்ல காரணம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இதுதான்: சுத்தம் செய்வதால் என்ன கெட்டுவிடப் போகிறது? எப்படியும் செய்ய வேண்டியதுதானே, அளப்பானேன்? டெஸ்க்டாப்புக்கு இதை ஏற்றுக்கொள்ளலாம். பக்கத் தகட்டைக் கழற்றி, மின்விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதுவதில் ஆபத்து அதிகமில்லை. லேப்டாப் அப்படியல்ல. இன்றைய மெல்லிய லேப்டாப்களில் அடித்தகட்டைத் திறக்கும்போது பிளாஸ்டிக் கொக்கிகள் ஒடியும், கீபோர்டுக்கான மெல்லிய பட்டைக் கேபிள் கிழியும், திருகு மாறிப் போனால் மதர்போர்டே கீறும். பழைய பேஸ்ட்டைத் துடைக்காமல் மேலேயே புதியதைப் பூசினால் நிலைமை முன்பைவிட மோசமாகும். தேவையென்றால் திறக்கத்தான் வேண்டும். தேவை என்பதை ஒரு பதிவு காட்டட்டும். அளப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு: முன்பு எத்தனை, பின்பு எத்தனை என்று தெரியாவிட்டால், செய்த வேலை பலித்ததா என்பதை யாராலும் சொல்ல முடியாது. வாடிக்கையாளரும் நம்புகிறார், மெக்கானிக்கும் நம்புகிறார், அவ்வளவே.

இந்த நிலைக்குக் கடைக்காரரை மட்டும் பழிப்பது நியாயமில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் புராசஸர் எத்தனை சதவீதம் உழைக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது, எத்தனை மணி நேரமாக ஓடுகிறது என்பதெல்லாம் தெரியும். 2020 முதல் கிராபிக்ஸ் கார்டின் வெப்பமும் தெரிகிறது. புராசஸரின் வெப்பம் தெரிவதில்லை. உணரி உள்ளே இருக்கிறது, எண்ணும் இருக்கிறது, அதை மைக்ரோசாஃப்ட் காட்டாமல் வைத்திருக்கிறது. பத்துப்பேர் பத்து மென்பொருள் எழுதி அந்த இடைவெளியை அடைக்க வேண்டியிருக்கிறது. மக்கள் எண்ணைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள் என்று சொல்லலாம். காரின் முகப்பில் எஞ்சின் சூட்டுக்கு ஒரு முள் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் கார் ஓட்டுவதை நிறுத்திவிடவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து 2022-ல் ஒரு குழுவை அமைத்தது, அதே ஆண்டு இறுதியில் அதற்கென்று ஓர் இணையதளமும் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் அந்த விவாதத்தில் உதிரிபாகமும் கையேடும் கிடைப்பதைப் பற்றிப் பேசும் அளவுக்கு, பழுது கண்டுபிடிக்கப்படும் விதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சில நிறுவனங்கள் லேப்டாப்பைத் திறக்கும் முறையைப் படிப்படியாக இணையத்தில் வைத்திருக்கின்றன, சில நிறுவனங்கள் மூடி வைத்திருக்கின்றன. கையேடு கையில் இருந்தும் அளக்காமல் திறப்பவருக்கு அது உதவாது. வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. அடுத்த முறை "ஹீட் ஆகுது" என்று லேப்டாப்பைக் கடையில் விடும்போது, முழுச் சுமையில் அரைமணி நேரம் ஓடியபோது உச்ச வெப்பம் எத்தனை, வேகம் எத்தனை என்ற இரண்டு எண்களையும், வேலை முடிந்த பிறகு அதே சோதனையில் வந்த இரண்டு எண்களையும் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் லேப்டாப்பை விட வேண்டியதில்லை.